துண்டுக்குள் ஐந்து விரல்

பணி நிரவல் என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்டால் வயலில் மேடு பள்ளம் பார்த்து மண்ணைச் சமன் செய்கிற வேலை போலத் தோன்றும். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியாரைப் பிடுங்கி, பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லப்படும் பள்ளிக்கூடத்தில் நடுவதற்குத்தான் அந்தப் பெயர். பாலக்கோட்டுக்கு வடக்கே பொம்மேகொட்டாய் நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஆங்கிலம் எடுத்துவந்த குள்ளம்மாள் டீச்சரின் பெயர் இந்த வருடப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. வட்டாரத்துக்கு ஒரு பள்ளியை மாதிரி ஆங்கில வகுப்பு என்று தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானால் மூன்று வருடத்துக்கு அந்த வகுப்பின் ஆசிரியரை யாரும் அசைக்க மாட்டார்கள். அதற்குப் பயிற்சி நாளன்று, வட்டாரத்தின் மற்ற ஆங்கில ஆசிரியர்கள் முன்னால் நின்று, தான் பாடம் நடத்தும் முறையை நாற்பது நிமிடத்தில் விளக்கிக் காட்ட வேண்டும்.

நாற்பது நிமிடம் என்பது பெரிதில்லை. ஆனால் விளக்க வேண்டியது வெளியே தெரியக்கூடாத ஒன்று. அங்கேதான் சிக்கல்.

குள்ளம்மாளின் அப்பா சென்றாயன் மாட்டுத் தரகர். கம்பைநல்லூர்ப் பக்கம் வீடு, புழுதியூர்ச் சந்தையில் தொழில். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் மாற்றி மாற்றித் துண்டுக்கு அடியில் பிடித்து, விரலை அமுக்கியே விலை பேசி முடிப்பார். சுற்றி இருபது பேர் நின்றாலும் ஒருவனுக்கும் தெரியாது. எவன் எவ்வளவுக்கு இறங்கினான், எவன் காசில்லாமல் வந்து வீறாப்பாக மாட்டின் பல்லைப் பார்த்தான் என்பதெல்லாம் அந்தத் துண்டுக்குள்ளேயே செத்துப்போகும். சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போன குள்ளம்மாள், "அந்த மாமா எவ்வளவு கேட்டாரு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள். சென்றாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதச் சொன்னன்னா நாளைக்கு எவன் எங்கிட்ட கைய நீட்டுவான்?" என்றார். மகளிடம் அவர் தொழில் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளைப் படிக்க அனுப்பிவிட்டார்.

தர்மபுரியில் பி.ஏ. ஆங்கிலம். முதல் வருடம் முதல் வாரம் எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். குள்ளம்மாள் தன் பெயரைச் சொன்னாள். அதற்கே பாதி வகுப்பு சிரித்தது. அடுத்த வாக்கியத்தில் ஒரு சின்னத் தவறு. பேராசிரியர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார், ராகத்தோடு. மீதிப் பாதியும் சிரித்தது. மூன்று வருடத்தில் அவள் அந்த வகுப்பில் மறுபடி வாயைத் திறக்கவில்லை. பட்டம் மட்டும் முதல் வகுப்பில் வந்தது. நம் ஊரில் ஒரு மொழியில் முதல் வகுப்பு வாங்க அந்த மொழியைப் பேச வேண்டிய அவசியம் இல்லை என்பது எவ்வளவு பெரிய சலுகை!

பேசப் பழகியது பிறகுதான். வேலை கிடைத்து, பொம்மேகொட்டாய் பிள்ளைகள் முன்னால் நின்றபோது. அந்த ஊரில் பாதி வீட்டில் தெலுங்கு, கால் வீட்டில் கன்னடம், மீதியில் தமிழ். தக்காளிக் கூடை தூக்கிப் பழகிய பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், சண்டை வரும், மூன்று பாஷையில் வசவு வரும். ஆங்கிலம் என்றதும் உதடு ஒட்டிக்கொள்ளும். ஷகிலா என்று ஒரு ஆறாம் வகுப்புப் பெண், பாத்திரக் கடைக்காரர் மகள், ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொன்னாள். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த விதம் குள்ளம்மாளுக்குத் தெரிந்த விதம்.

மறுநாள் வகுப்புக்குக் குள்ளம்மாள் தன் அப்பாவின் பழைய துண்டோடு போனாள்.

முறை இதுதான். பிள்ளையும் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். இரண்டு கையும் துண்டுக்கு அடியில். பிள்ளை ஆங்கிலத்தில் பேசும். தப்பு வந்தால் டீச்சர் வாயைத் திறக்க மாட்டாள், விரலை அமுக்குவாள். கட்டை விரல் என்றால் ஆள் தப்பு, அவள் வர வேண்டிய இடத்தில் அவன் வந்துவிட்டான். ஆட்காட்டி என்றால் காலம் தப்பு. நடு விரல் என்றால் ஏதோ சின்ன வார்த்தை விட்டுப்போச்சு. மோதிர விரல், வார்த்தை இடம் மாறிப்போச்சு. சுண்டு விரல், உச்சரிப்பு. உள்ளங்கை முழுவதையும் அமுக்கினால், நல்லா போகுது, நிறுத்தாதே. பிள்ளை ஒரு நொடி யோசித்து, தானே திருத்திக்கொண்டு போகும். எதிரே இருக்கிற முப்பது பேருக்கும், அவன் நிதானமாகப் பேசுகிறான் என்றுதான் தெரியும். தப்பு செய்தான் என்பது தெரியவே தெரியாது.

ஒரு மாதத்தில் பிள்ளைகளே ஜோடி ஜோடியாக உட்கார்ந்து அமுக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்து துண்டு வந்தது. அப்பன் குளித்த துண்டு, தக்காளிக் கறை படிந்த துண்டு, ஒருத்தன் தம்பியின் தொட்டில் துணியைக் கொண்டுவந்து வகுப்பையே மணக்கச் செய்தான். ஷகிலா எட்டாம் வகுப்பு முடிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் துண்டு இல்லாமல் ஐந்து நிமிடம் பேசினாள். பதினைந்து வருடம் முந்திய கதை. அதற்குப் பிறகு எத்தனையோ ஷகிலா. யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் முறையே.

பயிற்சி நாள் வந்தது. வட்டார வள மையத்தின் மாடி அறை, அறுபத்திரண்டு ஆங்கில ஆசிரியர்கள், ஓடுகிற மாதிரி பாவனை செய்யும் நாலு மின்விசிறி. மேசைக்குப் பின்னால் கல்வி அலுவலர் நவநீதன். கெட்ட மனிதர் இல்லை. அவர் கையில் ஒரு படிவம் இருந்தது, அதை நாலு மணிக்குள் மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் பாவம். பக்கத்தில் ஆசிரியர் பயிற்றுநர் ரஞ்சித்குமார், கையில் போன். எது நடந்தாலும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஏற்றுவது அவர் பொறுப்பு. எதுவும் நடக்காவிட்டாலும் ஏற்றுவார்.

"மேடம், பவர்பாயிண்ட் எங்க?" என்றார் ரஞ்சித்குமார்.

"இல்லைங்க சார். துண்டுதான் கொண்டாந்திருக்கேன்."

"துண்டா?"

"ஆமாங்க. ஒரு புள்ளையக் கூட்டியாறேன்னு கேட்டேன். வேணாம்னுட்டீங்க."

"புள்ளைங்கள வெளியில கூட்டியாந்தா ஏகப்பட்ட பர்மிசன் மேடம். இங்க இருக்கிறவங்கள வச்சுக் காட்டுங்க. அவங்களும் மனுசங்கதானே."

குள்ளம்மாள் அப்பாவின் மாட்டுச் சந்தையில் தொடங்கித் தன் முறையைத் தமிழில் பத்து நிமிடம் சொன்னாள். விரல் கணக்கைச் சொன்னபோது பின் வரிசையில் ஒரு குரல், "பல்லப் பாத்து எத்தன வயசுன்னும் சொல்லுவீங்களா மேடம்?" என்றது. சிரிப்பு. அவளும் சிரித்தாள். "சொல்லுவேன் சார். ஆனா வெளிய சொல்ல மாட்டேன்" என்றாள். கொஞ்சம் அதிகச் சிரிப்பு. சரி, கூட்டம் நம் பக்கம் வருகிறது என்று நினைத்தாள்.

"யாராச்சும் ஒருத்தர் வாங்க. அஞ்சு நிமிசம் இங்கிலீஷ்ல பேசணும். என்ன வேணா பேசலாம்."

அறுபத்திரண்டு ஆங்கில ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஒருவர் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். இரண்டு பேருக்குக் கழிவறை ஞாபகம் வந்தது. ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் ஆங்கில ஆசிரியர்களுக்கு வருகிற பயம், பிள்ளைகளுக்கு வருகிற பயத்தைவிடப் பெரிது. பிள்ளைக்குத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். இவர்கள் விஷயம் அப்படி இல்லையே.

"அட, நானே வர்றேன்" என்று எழுந்தார் மாதவராஜ். "சந்தைன்னு வந்துட்டா ஒரு மாடாச்சும் வேணுமில்ல?"

மாதவராஜ் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளர். இருபத்தெட்டு வருடச் சர்வீஸ். அவருடைய ஆங்கிலம் வட்டாரம் அறிந்தது. எந்தக் கூட்டத்திலும் ஆங்கிலத்தில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பார். நடுவில் மட்டும் தமிழ். ஆரம்பமும் முடிவும் கணீரென்று இருப்பதால் நடுவை யாரும் கவனித்ததில்லை. கலாட்டா பண்ணத்தான் எழுந்தார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. வந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கையைத் துண்டுக்குள் நீட்டினார்.

முதல் மூன்று வாக்கியம் கணீரென்று வந்தன. சங்கக் கூட்டத்து ஆரம்பம் அது. நாலாவது வாக்கியத்தில் சரக்கு தீர்ந்தது.

"என்ன பேசறது?" என்றார் மெதுவாக.

"போன வாரம் என்ன செஞ்சீங்க சார்? அதச் சொல்லுங்க."

போன வாரம் அவர் அம்மாவைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது, அதையே சொல்ல ஆரம்பித்தார். முதல் வார்த்தையிலேயே குள்ளம்மாள் ஆட்காட்டி விரலை அமுக்கினாள். நின்றார். அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னால் போய்ச் சரியாகச் சொன்னார். உள்ளங்கை அமுங்கியது. மேலே போனார். நடு விரல். நின்றார், கண்டுபிடித்தார். சுண்டு விரல். மூன்று தடவை சொல்லிப் பார்த்து நாலாவது தடவை பிடித்தார். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது, வார்டில் கட்டில் இல்லை, தரையில் படுக்கவைத்தது, இரவு முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியது. கண்ணடித்த மாதவராஜ் எங்கே போனார் என்று தெரியவில்லை. அவளுடைய விரல்களை அவர் பிடித்திருந்த பிடி, சந்தையில் விற்க மனமில்லாமல் மாட்டைக் கொண்டுவந்தவன் பிடி.

ஏழு நிமிடம் பேசினார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஆங்கிலத்தின் நடுப்பகுதிக்குள் காலை வைத்தது அன்றைக்குத்தான். அவள் விரலை அமுக்கியது ஐந்து தடவை. ஐந்தையும் அவரே திருத்தினார். கூட்டம் கேட்டது என்னவோ ஒருவர் நிறுத்தி நிறுத்தி, உணர்ச்சியோடு பேசிய பேச்சு. கை தட்டினார்கள். சிலர் நிஜமாகவே தட்டினார்கள்.

குள்ளம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துண்டு வேலை செய்துவிட்டது. பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, வாத்தியாரிடமும். இனி யார் என்ன சொல்ல முடியும்?

நவநீதன் பேனாவை எடுத்தார்.

"நல்லா இருந்துது மேடம். இப்ப இந்தக் கட்டம்தான் நிரப்பணும். அளவிடத்தக்க விளைவு. சார் எத்தன தப்பு பண்ணாரு, எத்தன திருத்துனாரு? நம்பர் மட்டும் சொல்லுங்க, போதும்."

மாதவராஜ் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். கையை மட்டும் துண்டிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். ரஞ்சித்குமாரின் போன் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"அது வெளிய சொல்றதில்லைங்க சார்" என்றாள் குள்ளம்மாள்.

"நமக்குள்ளதானே மேடம்."

"சொன்னா அடுத்தவங்க யாரும் கைய நீட்ட மாட்டாங்க சார். அதுதான் இந்த முறையே."

"புரியுது. ஆனா நான் மேல என்ன எழுதறது? துண்டுக்குள்ள என்னமோ நடந்துதுன்னா எழுத முடியும்?" அறையில் சிரிப்பு. "வீடியோவுலயும் ஒண்ணும் தெரியல. துண்ட எடுத்துட்டு ஒரு தடவ பண்ணிக் காட்டுங்களேன்?"

"துண்ட எடுத்துட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுருமே சார்."

"அதத்தானே கேக்கறேன் மேடம்!"

இருவர் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயம் மோதினால் படிவம் வைத்திருக்கிறவர் ஜெயிப்பார். நவநீதன் பெருமூச்சு விட்டு மாதவராஜ் பக்கம் திரும்பினார். "சரி, சார் நீங்களே சொல்லுங்க. அனுபவிச்சவரு நீங்கதானே. தப்பு திருத்துனாங்களா?"

குள்ளம்மாள் மாதவராஜைப் பார்த்தாள். எண்கூடத் தேவையில்லை. "ஆமாம், உதவியா இருந்துது" என்று ஒரு வார்த்தை போதும். அவர் எழுந்தார். கூட்டத்தைப் பார்த்தார். அறுபத்தொரு பேர், அதில் நாற்பது பேர் சங்க உறுப்பினர், அடுத்த மாதம் தேர்தல். முகத்தில் பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"தப்பா? எங்கிட்டயா? தப்பு இருந்தாத்தானே சார் திருத்த. மேடம் சும்மா கையப் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேனா, ஆறுதலுக்குப் புடிக்கறாங்கன்னு இருந்துட்டேன்."

அறை வெடித்தது. "ஆறுதல் ஜாஸ்திதான் போங்க!" என்று ஒரு குரல். பெண்கள் வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

ஐந்து என்று ஒரு வார்த்தை. அவள் நாக்கு நுனியில் இருந்தது. எந்தெந்த விரல், எந்தெந்த வார்த்தைக்கு என்று வரிசையாகச் சொல்ல முடியும். வீடியோவோடு ஒத்துப் பார்க்கலாம். சொன்னால் படிவம் நிறையும், இடமாற்றம் நிற்கும், மாதவராஜின் இருபத்தெட்டு வருட ஆங்கிலம் அந்த மாடி அறையிலேயே அடங்கிப்போகும். சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாராவது எழுதுவார்கள் என்றால் வேண்டாம். அவள் அப்போது அவர் மேல் இருந்த கோபத்தில் காறித் துப்பியிருப்பாள். ஆனால் கை நீட்டியவன் அயோக்கியன் என்பதற்காக ஒரு தரகர் துண்டை விரித்துக் காட்டினால், அடுத்த சந்தையில் நல்லவனும் கையை நீட்ட மாட்டான். அவள் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவ்வளவுதாங்க சார்" என்றாள்.

அடுத்து வந்தவர் சசிகலா என்ற டீச்சர், பலூன் முறையோடு. இருபத்தாறு பலூன், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. எழுத்தைச் சொல்லி ஊசியால் குத்த வேண்டும். இருபத்தாறு வெடித்தன. நவநீதன் அளவிடத்தக்க விளைவு என்ற இடத்தில் இருபத்தாறு என்று எழுதினார். ரஞ்சித்குமாருக்கு நல்ல படங்கள் கிடைத்தன. மாதிரி வகுப்பு யாருடையது என்று நாலு மணிக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

டீ வேளையில் குள்ளம்மாள் வராந்தாவின் கடைசியில் தனியாக நின்றாள். போண்டாவை ஒரு தாளில் வைத்துக்கொண்டு மாதவராஜ் வந்தார். வந்து, சுற்றும் முற்றும் பார்த்தார்.

"கோவமா மேடம்?"

அவள் டீயை ஒரு மடக்கு குடித்தாள்.

"என் நெலமையும் பாருங்க. எலக்‌ஷன் வருது. அந்தக் கூட்டத்துல நான் எப்படி..." முடிக்கவில்லை. போண்டாவைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "சங்கம் மூலமா ஒரு லெட்டர் குடுக்கறேன். ஒங்களத் தொலைவா போட வேணாம்னு."

"குடுங்க சார்."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கணும்." குரல் இறங்கியது. "மூணாவதா சுண்டு வெரல அமுக்குனீங்களே, நான் கடைசியா சொன்னது சரியாத்தானே வந்துது? அப்படின்னா, இத்தன வருசமா நான் வகுப்புல தப்பாவே சொல்லிட்டு இருந்திருக்கேனா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. ஆறாம் வகுப்பு முகம்.

நல்ல சமயம். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடப் பழக்கம் வாய்க்குள் இருந்தது.

"சரியாத்தான் வந்துது சார். ஆனா இன்னும் கொஞ்சம் இழுக்கறீங்க. நான் சொல்றேன், பாருங்க" என்று சொல்லிக் காட்டினாள். அவர் திருப்பிச் சொன்னார். மறுபடி சொன்னாள். அவர் போண்டாத் தாளின் எண்ணெய் படாத மூலையில் எழுதிக்கொண்டார். "அந்த ஆட்காட்டி வெரலு எதுக்கு?" என்றார். அதையும் சொன்னாள். ஐந்தையும் சொன்னாள், ஒவ்வொன்றாக, யாருக்கும் கேட்காத குரலில்.

ரஞ்சித்குமார் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தார். தேநீர் இடைவேளையிலும் கலந்துரையாடும் ஆசிரியர்கள் என்று எழுதிக் குழுவில் போட்டார். அன்றைக்கு அதிகமாகக் கட்டை விரல் வாங்கியது அந்தப் படம்தான்.

ஜூன் மாதம் கலந்தாய்வு. சங்கக் கடிதம் வந்ததாகச் சொன்னார்கள், யாரும் பார்க்கவில்லை. திரையில் மூன்று இடம் காட்டினார்கள். மூன்றும் மாவட்டத்தின் இன்னொரு மூலை. குள்ளம்மாள் தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு பள்ளியைத் தொட்டாள். தினமும் மூன்று பஸ். அங்கே ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் அவளுக்குக் கொடுத்தது சமூக அறிவியல்.

பொம்மேகொட்டாயில் இப்போது ஆங்கிலத்தை அறிவியல் சார்தான் சேர்த்துப் பார்க்கிறார். நல்ல மனிதர், நேரத்துக்கு வருகிறவர். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத் திருத்துகிறார். ஒவ்வொன்றையும் கரும்பலகையின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணி வைக்கிறார். முதல் மாதம் நூற்றுப் பன்னிரண்டு கோடு. இரண்டாம் மாதம் நாற்பது. மூன்றாம் மாதம் ஏழு. இப்படித் தப்பு குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து நவநீதன் நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போனார். வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.